செல் இல்லாத குழி

சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. தண்ணீர் மாதிரிதான் இருக்கும். துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நிற்கும்போது விரல் நுனி மெல்லக் கறுக்கத் தொடங்கும். சோப்பு, எலுமிச்சம்பழம், தேங்காய் எண்ணெய் என்று எதைத் தேய்த்தாலும் போகாது. அந்தத் தோல் உரிந்து புதுத்தோல் வர வேண்டும். நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஐந்து வருடமும் வலது கையில் இரண்டு விரல்கள் அப்படியேதான் இருந்தன. கையுறை போடலாமே என்பீர்கள். மாதம் ஒரு டப்பா தருவார்கள். ஆறு பேர் இருக்கும் லேபில் அது முதல் வாரத்தைத் தாண்டாது.

ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அத்தை என் கையை இழுத்துப் பார்த்தாள். “ஏட்டி, என்ன இது? தார் ரோடு போட்ட மாதிரி இருக்கு விரல்!”

வெள்ளி என்றேன். நம்பவில்லை. வெள்ளி எப்படிக் கறுப்பாகும்? கொலுசு கறுத்துப்போகுமே என்றதும் ஒத்துக்கொண்டாள். (கொலுசு கறுப்பதற்கு வேதியியல் வேறு. சட்டென்று வாயில் வந்தது அதுதான்.) அப்புறம் என்ன ஆராய்ச்சி என்று கேட்டாள். முருங்கைக் கீரைச் சாற்றை வைத்து வெள்ளியை ரொம்பச் சின்னத் துகளாக்குகிறோம், அதைப் புற்றுநோய் செல் மேல் போட்டால் செல் செத்துப்போகிறது என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அத்தை அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், தன் மருமகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று. நானும் மறுக்கவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

நான்கு வருடம் கழித்து அவளுக்கே மார்பில் கட்டி. பயாப்சி ரிசல்ட் வந்த அன்று ராத்திரி போன் செய்தாள். குரலில் பயம் தெரியவில்லை, ஏதோ கடையில் விலை கேட்கிற மாதிரிதான் இருந்தது. “நீ அன்னைக்குச் சொன்னியே, அந்த முருங்கைக் கீரை. அதை எப்படிச் சாப்பிடணும்? வெள்ளி பஸ்பம் எதுவும் கலக்கணுமா?”

அன்றைக்கு என்னென்னவோ உளறினேன். அந்தப் போனுக்கு ஒழுங்கான பதிலை எழுதிப் பார்க்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

முதலில் என் தீசிஸின் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னுடையது மட்டும் இல்லை. ‘முருங்கை இலைச் சாறு கொண்டு வெள்ளி நானோ துகள்களைப் பசுமை முறையில் தயாரித்தலும் மார்பகப் புற்றுச் செல்கள் மீது அவற்றின் செயல்பாடும்.’ இதில் ‘முருங்கை’யை எடுத்துவிட்டு எந்தச் செடியை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். என் சீனியர் நொச்சி. ஜூனியர் ஆடாதோடை. பக்கத்து லேபில் ஆவாரம்பூ, கீழாநெல்லி, துளசி. கல்லூரி வேலியில் முளைத்த எதுவும் எங்களிடமிருந்து தப்பவில்லை. எனக்கு முருங்கை வந்த காரணம் ஹாஸ்டல் பின்பக்கம் ஒரு மரம் நின்றதுதான். இந்த மாதிரித் தலைப்பில் ஒரு வசதி உண்டு. வெள்ளித் துகள் என்றால் பொருளறிவியல், கீரை என்றால் ஊட்டச்சத்து, செல் என்றால் மருத்துவம். ஒரே கல்லில் மூன்று மாங்காய். விண்ணப்பத்தைப் படிக்கிறவர் எந்தத் துறைக்காரராக இருந்தாலும் தலையாட்டுவார்.

செய்முறை எளிது. 100 மில்லிக்கு 17 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட். அதில் 90 மில்லி எடுத்து, கீரையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றை 10 மில்லி ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சளாக இருந்தது கொஞ்ச நேரத்தில் டீ நிறமாகும், அப்புறம் கடுங்காப்பி. முதல் தடவை பார்க்கும்போது உண்மையிலேயே மந்திரம் மாதிரிதான் இருக்கும். நடப்பது இதுதான்: கரைசலில் இருக்கும் வெள்ளி அயனிக்கு ஒரு எலக்ட்ரான் குறைகிறது. கீரைச் சாற்றில் உள்ள பாலிஃபீனால், வைட்டமின் சி போன்றவை எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கக்கூடியவை. வாங்கிக்கொண்ட அயனி உலோக வெள்ளியாகிறது. அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, சில பத்து நானோமீட்டர் அளவில் நின்றுவிடுகின்றன (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). அந்த அளவில் வெள்ளி பளபளக்காது. 420 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியை விழுங்கிவிடும், அதனால் நம் கண்ணுக்குப் பழுப்பு.

கீரை எலக்ட்ரானைக் கொடுக்கிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செல். நாங்கள் வளர்த்தது எம்.சி.எஃப்-7. 1970ல் அமெரிக்காவின் மிச்சிகனில், மார்பகப் புற்று பரவிய 69 வயது கன்னியாஸ்திரி ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த நீரிலிருந்து எடுத்தவை. அவர் இறந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது, அவருடைய செல்கள் இன்னும் உலகம் முழுக்கப் பெருகிக்கொண்டிருக்கின்றன. எங்களுக்குப் புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து வந்தன. 37 டிகிரி சூடு, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, சாப்பாட்டில் இன்னும் பிறக்காத கன்றுக்குட்டியிடமிருந்து எடுத்த ரத்தநீர் பத்துக்கு ஒரு பங்கு. கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் லேபில் வெங்காயம்கூடச் சாப்பிடாத ஒரு பெண் இருந்தாள். அந்த ரத்தநீர் பாட்டிலைத் திறக்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வாள். வாசனை ஒன்றும் வராது. இருந்தாலும்.

செல் செத்ததா, பிழைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பிளேட், அதில் எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டாக 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் பத்தாயிரம் செல்கள். மருந்தை ஊற்றி ஒரு நாள் விட்டு, எம்.டி.டி. என்ற மஞ்சள் பொடியின் கரைசலைச் சேர்ப்போம். உயிருள்ள செல்லின் நொதிகள் அந்த மஞ்சள் மூலக்கூறுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும். அது ஊதாவாக மாறும். செத்த செல்லில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். நான்கு மணி நேரம் கழித்து ஊதாப் படிகங்களைக் கரைத்து, கருவியில் வைத்து நிறத்தின் அடர்த்தியை அளந்தால் எத்தனை செல் பிழைத்தது என்று கணக்குப் போடலாம். 1983ல் மோஸ்மன் என்பவர் வெளியிட்ட முறை. மலிவு, வேகம். சிறு நகரத்துக் கல்லூரி லேபுக்குக்கூடக் கட்டுப்படியாகும்.

என் முதல் முடிவுகள் அழகாக வந்தன. வெள்ளித் துகள் போட்ட குழிகளில் ஊதா குறைந்துகொண்டே போனது. கீரைச் சாறு மட்டும் போட்ட குழிகளில் குறையவே இல்லை, நூறு சதவீதத்தைத் தாண்டியும் போனது. கைடுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கீரைக்குச் செல்லை வளர்க்கும் குணம், துகளுக்குக் கொல்லும் குணம். இரண்டும் ஒரே படத்தில், பச்சைக் கோடு மேலே, சிவப்புக் கோடு கீழே. பேப்பர் ஆறே வாரத்தில் ஏற்கப்பட்டது.

மூன்றாம் வருடம், ஒரு சனிக்கிழமை. கீரைச் சாற்றை மட்டும் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தேன். செல் கலந்த திரவம் பதினோராவது பத்தியோடு தீர்ந்துவிட்டது (மேலிருந்து கீழாக எட்டுக் குழிகள் சேர்ந்தது ஒரு பத்தி). கடைசிப் பத்தியில் வெறும் ஊட்டத் திரவத்தை நிரப்பினேன், ஓரம் காயாமல் இருக்கட்டும் என்று. மறுநாள் சாற்றை ஊற்றும்போது எட்டு முனை பிப்பெட்டைப் பிடித்துப் பழக்க தோஷத்தில் பன்னிரண்டு பத்திக்கும் ஊற்றிவிட்டேன். அதற்கடுத்த நாள் எம்.டி.டி.யும் அப்படியே. நான்கு மணி நேரம் கழித்து அலுமினியத் தாளைப் பிரித்தால் பன்னிரண்டாவது பத்தி ஊதாவாக இருக்கிறது. மேலே இளம் ஊதா, கீழே போகப்போக நாவல்பழ நிறம். சாறு அதிகமான இடத்தில் நிறமும் அதிகம்.

அந்தக் குழிகளில் செல்லே கிடையாது.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு தூசு, கொஞ்சம் ஊசி ஊசியான படிகம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வியர்த்ததுதான் மிச்சம். கொஞ்ச நேரம் ஆனது, புரிவதற்கு. வெள்ளிக்கு எலக்ட்ரானைக் கொடுத்த அதே கீரை எம்.டி.டி.க்கும் கொடுத்திருக்கிறது. அதற்கு நொதியும் வேண்டாம், உயிரும் வேண்டாம். வகுப்பில் வராத பையனுக்கு நண்பன் குரல் மாற்றி ‘உள்ளேன் ஐயா’ சொல்வானே, அந்த மாதிரி இல்லாத செல்லுக்குக் கீரை வருகை கொடுத்துவிட்டது. நூறு சதவீதத்தைத் தாண்டிய அந்தப் பச்சைக் கோட்டில் எவ்வளவு செல், எவ்வளவு கீரை? பிரித்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தாவரச் சாற்றை எம்.டி.டி.யில் சோதிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்ததுதான், எழுதியும் வைத்திருக்கிறார்கள். எம்.டி.டி. போடுவதற்கு முன் சாற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் செல்லைக் கழுவ வேண்டும், செல் இல்லாத குழியையும் கூடவே வைக்க வேண்டும். நான் படிக்கவில்லை. எனக்குச் சொல்லித்தந்த சீனியரும் படிக்கவில்லை.

கைடிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, சாப்பாட்டு நேரத்தைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு, “அப்படின்னா நிறம் நிஜத்தைவிட அதிகமாத்தானே காட்டியிருக்கு? துகள் இன்னும் நல்லாவே கொல்லுதுன்னுதானே அர்த்தம்? நமக்கு நல்லதுதான்மா” என்றார். தர்க்கம் சரிதான். எனக்குப் பதில் வரவில்லை. லேபுக்குத் திரும்பி இன்னொரு பிளேட் போட்டேன். இந்தத் தடவை துகளோடு, கீரையே சேராத வெறும் சில்வர் நைட்ரேட்டையும் வைத்தேன். பக்கத்து லேபில் கெஞ்சி, புற்று இல்லாத சாதாரணத் தோல் செல்லையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். எல்லாம் கழுவி, முறைப்படி. வெறும் வெள்ளியும் கொன்றது. சாதாரணச் செல்லும் செத்தது. வெள்ளி யாரையும் பார்த்துக் கொல்வதில்லை, பாக்டீரியாவானாலும் பூஞ்சையானாலும் ஒரே நியாயம்தான். தீக்காயத்துக்குப் போடும் களிம்பில் அது இருப்பதே அதனால்தான். கீரைக்கு அதில் எந்தப் பங்கும் தெரியவில்லை.

அந்த பிளேட் தீசிஸில் இல்லை. பேப்பர் ஏற்கெனவே வெளியாகிவிட்டது, சினாப்சிஸ் கொடுத்தாகிவிட்டது, உதவித்தொகை ஆறு மாதத்தில் முடிகிறது. பட்டம் வந்தது. அம்மா ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

இப்படிக் குழியில் வரக்கூடாத ஒன்று வந்தபோது வேறு மாதிரி நடந்துகொண்ட ஒருவர் உண்டு. பார்னெட் ரோசன்பெர்க், இயற்பியல்காரர், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். (என் செல்லும் மிச்சிகன்காரிதான்.) செல் பிரியும்போது எடுத்த படங்கள் அவருக்குக் காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் நிற்பதைப் போலத் தெரிந்தன. சரி, மின்புலத்தை வைத்துப் பார்ப்போம் என்று பாக்டீரியா வளரும் திரவத்தில் பிளாட்டினத் தகடுகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். பாக்டீரியாக்கள் பிரிவதை நிறுத்திவிட்டு நீண்டுகொண்டே போயின, வழக்கமான நீளத்தைப் போல 300 மடங்கு வரை. மின்சாரம்தான் காரணம் என்று அன்றைக்கே எழுதிப் போட்டிருக்கலாம். அவர் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார். பழைய திரவத்தில் புது பாக்டீரியாவை விட்டாலும் அதே நீளம். அப்படியே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனதில், எதோடும் வினைபுரியாது என்று நம்பி வாங்கிய பிளாட்டினமே துளித்துளியாகக் கரைந்து திரவத்தில் ஒரு சேர்மமாகியிருந்தது தெரிந்தது. 1965ல் கட்டுரை வந்தது. 1978ல் சிஸ்பிளாட்டின் புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிளாட்டினம் தேய்ந்ததை அவர் ‘நமக்கு நல்லதுதான்’ என்று எடுத்துக்கொண்டு நகர்ந்திருந்தால், விரைப்புற்று வந்த இளைஞர்களில் பெரும்பாலோரை இன்றைக்குக் குணப்படுத்துகிறார்களே, அது இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

சரி, அத்தைக்கு வருவோம். வெள்ளி வேண்டாம் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். அதற்குள் யாரோ மஞ்சள் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு மஞ்சள் உருண்டை. வாட்ஸப்பில் வந்த செய்தியில் ‘அமெரிக்க விஞ்ஞானிகள் நிரூபித்தது’ என்று இருந்ததாம்.

மஞ்சளின் குர்க்குமின் பிளேட்டில் புற்றுச் செல்லைக் கொல்வது நிஜம். அதற்குத் தேவைப்படும் செறிவு பெரும்பாலும் 10 மைக்ரோமோலாரும் அதற்கு மேலும். 2001ல் தைவானில் நோயாளிகளுக்குக் குர்க்குமினை மாத்திரையாகக் கொடுத்து ரத்தத்தில் அளந்து பார்த்தார்கள். தினம் 8 கிராம் கொடுத்தும் ரத்தத்தில் உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. குடலும் கல்லீரலும் சேர்ந்து அதை ஓட்ட ஓட்ட வெளியே தள்ளிவிடுகின்றன. மஞ்சளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான், அப்படியானால் 8 கிராமுக்கு எவ்வளவு மஞ்சள் தின்ன வேண்டும் என்று அத்தைக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். தினம் கால் கிலோவுக்கு மேல்.

“கால் கிலோவா! அது கோயில் கொடைக்கு மஞ்சத்தண்ணி ஊத்தவே போதுமேட்டி” என்றாள். உருண்டை அன்றோடு நின்றது. எந்த டாக்டர் சொல்லியும் நிற்காதது.

மிளகு சேர்த்தால் உடம்பில் ஏறும் என்பார்கள். அதுவும் நிஜம்தான், 1998ல் பெங்களூரில் செய்த ஆய்வில் மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது குர்க்குமின் ரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடியது. ஆனால் மிளகு அதைச் செய்வது, உடம்புக்குள் வந்த வேற்றுப் பொருளை வெளியேற்றும் நொதிகளின் கையைக் கட்டிவைத்துத்தான். கீமோ மருந்தை உடைத்து வெளியேற்றுவதும் அதே கல்லீரல். ரசத்தில் போடும் மிளகு ஒன்றும் செய்யாது. மாத்திரையாக அடைத்து விற்கிறார்களே, அதை டாக்டரிடம் சொல்லாமல் விழுங்குவதைத்தான் சொல்கிறேன். இன்னொன்று: 2017ல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் குர்க்குமின் ஆராய்ச்சி முழுவதையும் புரட்டிப்போட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளைப் பார்த்தும், மருந்து எது, போலி எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் ஒழுங்காக நடத்திய சோதனை ஒன்றில்கூட அது வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் கண்டது. அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது வேறு இடம். குர்க்குமின் ஒளிரும், புரதங்களில் கண்டபடி ஒட்டும், சோதனை முறையையே ஏமாற்றும் என்று எழுதியிருந்தார்கள். நடுராத்திரியில் அதைப் படித்துவிட்டு என் பன்னிரண்டாவது பத்தியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்றால் நல்லது என்று ஒரு நம்பிக்கை நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டில்கூட அச்சடிக்கிறார்கள். எலக்ட்ரானைக் கொடுக்கும் குணத்துக்குத்தான் அந்தப் பெயர். பின்லாந்தில் 50லிருந்து 69 வயது வரையிலான 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து, காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை வருடக்கணக்கில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்று குறையும் என்றுதான் எதிர்பார்த்தது. 1994ல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் அதே போல் நடந்த இன்னொரு சோதனையை 1996ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். காரட் தின்ன வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. காரட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்துக் குவித்தால் அது காரட் இல்லை, அவ்வளவுதான்.

கீரையும் புற்றும் சந்தித்த கதைகளில் எனக்கு நெருக்கமானது ஒன்று உண்டு, அதில் நம்மூர் வாசனையும் இருக்கிறது. உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை தெரிந்திருக்கும். எம்.எஸ்சி. பிராக்டிக்கலில் பாஸ்பரஸ் அளக்கும் அந்த நீலக் கரைசல். அந்தச் சுப்பாராவ், எல்லாப்பிரகடா சுப்பாராவ், 1895ல் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று அறுவைக் கூடத்துக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போக, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்து, இவருக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அமெரிக்கா போனார். ஹார்வர்டில் அந்த நீலக் கரைசல் முறையை உருவாக்கியும் நிரந்தர இடம் கொடுக்கவில்லை. 1940ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. லத்தீனில் ‘ஃபோலியம்’ என்றால் இலை. 1941ல் டெக்சாஸில் நான்கு டன் பசலைக் கீரையைப் பிழிந்து கொஞ்சமே கொஞ்சம் எடுத்தபோது வைத்த பெயர். அதற்கும் முன்பே லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாயில் மில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஈஸ்ட் சாறு கொடுத்துத் தேற்றியிருந்தார். உள்ளே வேலை செய்தது இந்தச் சத்துதான். ரத்தசோகைக்கு இவ்வளவு நல்லதென்றால் ரத்தப் புற்றுக்கும் உதவாதா? பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தார். நோய் வேகமெடுப்பதாக அவருக்குப் பட்டது. செல் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ. கட்ட வேண்டும், அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். ஓயாமல் பிரிகிற புற்றுச் செல்லுக்கு அது விருந்து.

ஃபார்பர் அதோடு விடவில்லை. சத்து நோயை வளர்க்கிறதென்றால், சத்தைப் போல வேடம் போட்ட ஒன்றைக் கொடுத்து ஏமாற்றலாமே. சுப்பாராவின் ஆட்கள் அமினோப்டெரின் என்ற ஒன்றை அனுப்பினார்கள். ஃபோலிக் அமிலத்தின் ஒரு மூலையில் ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் அதில் நைட்ரஜன். செல் ஏமாந்து அதை எடுத்து மாட்டிக்கொள்கிறது, பிரிய முடியாமல் நின்றுவிடுகிறது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார்: 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. தற்காலிகமாகத்தான், மறுபடி வந்தது. அதற்கு முன்னால் அதுகூட நடந்ததில்லை. அதன் தம்பி மீத்தோட்ரெக்ஸேட் இன்றைக்கும் எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. சுப்பாராவ் அந்த ஆகஸ்டில் தூக்கத்திலேயே இறந்துபோனார், 53 வயது.

இந்தக் கதையை அத்தைக்குச் சொன்னேன், பாதிதான். கீரைச் சத்து நோயை வளர்த்தது என்ற இடத்திலேயே நிறுத்தி, “அப்ப நான் கீரையே திங்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டாள். அடுத்த தடவை போகும்போது ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடமே கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, “தாராளமாச் சாப்பிடுங்கம்மா. நல்லா வேகவச்சு. பச்சையா எதுவும் வேண்டாம், வெள்ளையணு குறைஞ்சிருக்கு. பருப்பு, முட்டை அதிகமா. எடை மட்டும் குறையாமப் பாத்துக்கோங்க” என்றாராம். அவ்வளவுதான். நான் ஐந்து வருடம் கீரையைப் பிழிந்ததில் இந்த ஒரு வரிகூட இல்லை.

அத்தைக்குக் கீமோவில் முதல் நான்கு சுற்று சிவப்பு நிற மருந்து. முடி போனது. அப்புறம் வாரம் ஒரு தடவையாகப் பன்னிரண்டு பாக்லிடாக்சல். அத்தைக்கு இந்த மருந்தின் கதையைச் சொல்ல எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் கடைசியில் நான் படித்த பொருளறிவியலுக்கு ஒரு மரியாதை கிடைக்கும் இடம் இது. 1962ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் யூ என்ற மரத்தின் பட்டையை உரித்து எடுத்தார்கள். அதில் இருந்த மூலக்கூறின் வடிவத்தை 1971ல் கண்டுபிடித்தார்கள். அது செல்லை எப்படி நிறுத்துகிறது என்று சூசன் ஹார்விட்ஸ் 1979ல் காட்டினார்: செல் பிரியும்போது உள்ளே கட்டிப் பிரிக்க வேண்டிய நுண்குழாய்ச் சாரத்தைப் பிரிக்கவே விடாமல் இறுக்கிவிடுகிறது. மருந்தாக வந்தது 1992ல். இடையில் பட்ட பாடுகளில் ஒன்று, இது தண்ணீரில் கரையவே கரையாது. நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்து கரையாவிட்டால் என்ன செய்வது? ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தில், ஆல்கஹாலும் சேர்த்துக் கரைத்தார்கள்.

“விளக்கெண்ணெயா? எனக்கு ஏத்துறதுலயா?” அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சின்ன வயதில் மாதம் ஒரு தடவை மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களாம்.

அந்த எண்ணெய்ப் பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சுத் திணறும். அதனால்தான் மருந்துக்கு முன்னால் ஸ்டீராய்டு, அலர்ஜி ஊசி எல்லாம். இந்த எண்ணெயைத் தூக்கிவிட்டு, நம் ரத்தத்திலேயே ஓடும் அல்புமின் புரதத்தில் மருந்தைப் பொதிந்து, 130 நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கி 2005ல் கொண்டுவந்தார்கள். என் வெள்ளித் துகளும் நானோ, அதுவும் நானோ. என்னிடம் பார்க்க அழகான துகள் முதலில் இருந்தது, நோய் அப்புறம் தலைப்பில் வந்து ஒட்டிக்கொண்டது. அவர்களிடம் மூச்சுத் திணறுகிற நோயாளி முதலில் இருந்தார். அத்தைக்குப் பழைய மருந்துதான் ஏறியது. புதியதின் விலையைக் கேட்டு மாமா டாக்டரைப் பார்க்க, பழையதே போதும் என்றார் டாக்டர்.

எட்டாவது ஊசிக்கு நான்தான் துணைக்குப் போனேன். மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டிலிலிருந்து சொட்டுவதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. லேப் புத்தி, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. புடவை ஊக்கை மாட்ட முடியவில்லை என்றாள். கையை நீட்டிக் காட்டினாள். நகங்கள் பத்தும் அடியிலிருந்து கறுத்திருந்தன.

என் கையை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என் விரல்கள் எப்போதோ வெளுத்துவிட்டன, இப்போது நான் செய்வது ஒரு மாவு மில்லின் தரக் கட்டுப்பாட்டு வேலை.

“உனக்கு எல்லாம் போயிட்டே. எப்படிப் போச்சு?”

“புதுத்தோல் வந்தா போயிரும் அத்தை. உங்களுக்கும் புது நகம் வளரும்போது போயிரும்.”

“எவ்வளவு நாளாகும்?”

கை நகம் முழுசாக வளர ஆறு மாதம் ஆகும் என்றேன். அவள் மனசுக்குள் மாதத்தை எண்ணினாள். ஆறாவது மாதம் பங்குனி, ஊரில் கொடை. “சரி, அதுக்குள்ள வந்திரும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.